காற்று வரும் பக்கம்

மே மாதக் கடைசியில் மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கிவிடும் என்பது எனக்குத் தெரியும். "தெரியாமப் போய் மாட்டிக்கிட்டோம்" என்றுதான் இதுவரை சொந்தக்காரர்களிடமும் அலுவலகத்திலும் சொல்லி வந்திருக்கிறேன். அது பொய். டிக்கெட் போடுவதற்கு முன்பே எனக்கு எல்லாம் தெரியும். எழுபதைத் தாண்டிய, முட்டிவலியோடு நடக்கிற அம்மாவைத் தெரிந்தேதான் அந்தக் காற்றுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். போன இடத்தில் நடந்ததற்கு, எங்களுக்கு நல்லதை மட்டுமே செய்த ஒரு பையன் மேல் எழுத்துமூலமாகப் பழியும் போட்டேன். இந்த இரண்டாவது விஷயத்தை என் மனைவியிடம்கூட வெகுநாள் நான் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் எந்தப் பயணமானாலும் திட்டம் போடுவது என் பொறுப்பு. ரயில், அறை, சாப்பாடு, எந்த நாளில் எந்த இடம் என்று எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அந்தத் திட்டங்களுக்கு அடியில் எப்போதும் இருந்தது ஒரே கணக்கு. எனக்குப் புழுங்கக் கூடாது. வியர்த்தால் எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்தால் அது பக்கத்தில் இருப்பவர்கள் மேல்தான் போய் விழும். வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால், எனக்குத் தோதான இடத்துக்கே தலையாட்டிப் பழகிவிட்டார்கள். திருச்செந்தூருக்குக் கூட்டிக்கொண்டு போ என்று அம்மா பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கூட்டத்துல, அந்த வெக்கையில என்னால முடியாதும்மா" என்று நானும் பல வருஷமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். சாமி கும்பிடுவது ஒரு பக்கம் இருக்க, அம்மாவுக்குக் கடலில் இறங்கி உட்கார்ந்து குளிக்க வேண்டும் என்பது ஆசை. அப்பா இருந்தபோது போனது. "கடல்தானே வேணும்? அதைவிட நல்ல கடலைக் காட்டுறேன்" என்று நான் மாலத்தீவை எடுத்தது அப்படித்தான். அம்மாவின் ஆசையை எனக்கு வசதியான இடத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டேன்.

மாதம் எங்கள் கையில் இல்லை. மகளுக்குப் பள்ளி விடுமுறை கோடையில்தான். மனைவிக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைத்தது மே மூன்றாம் வாரத்துக்கு மேல். சென்னையில் அப்போது கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருக்கும், எங்காவது ஓடிப்போனால் போதும் என்று இருக்கும். அரையாண்டு விடுமுறையில் போகலாமே என்றால், டிசம்பர் கடைசி வாரம் மாலத்தீவில் விலை உச்சத்தில் நிற்கும் வாரம். வானம் தெளியத் தொடங்கியிருக்கும். ஐரோப்பாவிலிருந்து குளிருக்குத் தப்பி வருகிறவர்கள் குவிந்திருப்பார்கள். அதே அறை மே மாதக் கடைசியில் ஏறக்குறையப் பாதி விலைக்குக் கிடைத்தது. ஏன் பாதி என்பதைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகும், அந்தப் பாதியை விட எனக்கு மனம் வரவில்லை.

என்னவெல்லாம் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் நான் எதை மறைத்தேன் என்பது புரியும்.

மாலத்தீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள். வடக்கிலிருந்து பூமத்திய ரேகையையும் தாண்டித் தெற்கே 800 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றன. வெப்பநிலையைப் பார்த்து அங்கே மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. வருஷம் முழுக்கப் பகலில் 30, 31 டிகிரி. இரவில் 25, 26. மாறுவது காற்றுதான். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று. அதை அவர்கள் இருவாய் என்கிறார்கள். மழை மிகக் குறைந்த மாதம் பிப்ரவரி. ஏப்ரலில் காற்று அடங்கிப் புழுக்கம் ஏறும். மே நடுவில் காற்று தென்மேற்குக்குத் திரும்பிவிடும், அது ஹுளங்கு. நவம்பர் வரைக்கும் அதன் ஆட்சிதான். அவர்களுடைய பழைய நாட்காட்டி வருஷத்தை 27 பகுதிகளாக, ஒவ்வொன்றும் 13 அல்லது 14 நாளாகப் பிரிக்கிறது. நம்முடைய 27 நட்சத்திரங்களின் கணக்குதான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. பெயர்களில்கூட அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணியின் சாயல் தெரியும். எப்போது கடல் கொந்தளிக்கும், எப்போது மீன் படும், எப்போது நடலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. இதையெல்லாம் ராத்திரி ராத்திரியாக ஆசையோடு படித்தேன். வீட்டில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை.

இதைவிட முக்கியமான ஒன்றையும் அப்போது தெரிந்துகொண்டேன். தீவு சின்னது, காலாற நடந்தே ஒரு சுற்று வந்துவிடலாம். ஆனால் அந்தச் சின்னத் தீவின் இரண்டு கரையிலும் கடல் ஒன்றுபோல் இருக்காது. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரை அலை முழுவதையும் வாங்கும். கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். வடகிழக்குக் காற்றில் அப்படியே நேர்மாறு. சூரியன் மறைவதைப் பார்க்கிற அறைகள் மேற்கில்தானே இருக்கும்? அவற்றுக்கு விலை கூடுதல். மே மாதக் கடைசியில் அதை எடுப்பவன், காற்று வரும் பக்கத்தை அதிகக் காசு கொடுத்து வாங்குகிறான். கிழக்கே கரையோரமாக, கதவைத் திறந்தால் மணலில் கால் வைக்கிற மாதிரி அறைகள் இருந்தன. விலையும் குறைவு. அம்மாவுக்கு ஏற்றது அதுதான் என்று பார்த்த நிமிஷமே தெரிந்தது. நான் எடுத்தது மேற்கில், கடலுக்குள் தூண்கள் மேல் நிற்கும் வில்லா.

படத்துக்காக எடுத்தேன். மரத்தளம், அதன் ஓரத்திலிருந்து நீலத் தண்ணீருக்குள் இறங்கும் ஏணி, பின்னால் செவ்வானம். கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவன் ஏற்கெனவே அப்படியொரு படத்தைப் போட்டிருந்தான். முன்பணம் கட்டிய அன்றைக்கே நானும் எங்கள் வில்லாவின் படத்தை அனுப்பினேன். வந்த வாழ்த்துகளைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு கிழக்குக் கரைக்கு மாற்றிக்கொள்வது என்பது என் அகராதியிலேயே இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் இரவுச் செய்தியில் சென்னை வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பு ஓடியது. குமரிக்கடல், மாலத்தீவுப் பகுதிகளில் பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் அங்கே போக வேண்டாம் என்று. துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

"ஏம்ப்பா, நாம போற மாலத்தீவா?"

"அது நடுக்கடல்ம்மா. மீன் பிடிக்கப் போறவங்களுக்குச் சொல்றது. நாம தீவுக்குள்ள இல்ல இருக்கப் போறோம்?"

"காத்து தீவைப் பார்த்து ஒதுங்கிப் போயிடுமா?"

"இந்த மாசம் அங்க ரொம்ப நல்லா இருக்கும்மா. நான் எல்லாம் விசாரிச்சிட்டேன்."

விசாரித்துவிட்டேன் என்பது மட்டும் உண்மை. அம்மா நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். என் குரல் ஏறுவதைக் கேட்டுப் பேச்சை விட்டுவிட்டாள். "உனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு அடுத்த சேலையை எடுத்து மடித்தாள்.

மாலே விமான நிலையத்திலிருந்து வேகப்படகில் போகிற தூரத்திலேயே தங்கும் தீவுகள் நிறைய உண்டு. நான் தேர்ந்தெடுத்ததற்குக் கடல்விமானத்தில் போக வேண்டும். வானத்திலிருந்து பவளத்திட்டுகளைப் பார்க்கலாமே என்று வீட்டில் சொன்னேன். பதினைந்து பேர் போல உட்காரும் ட்வின் ஆட்டர் விமானம். பகலில் மட்டும்தான் பறக்கும். மேகம் இறங்கிவிட்டால் காத்திருக்க வேண்டும். காத்திருந்தோம். உள்ளே ஏறினால் ஏசி கிடையாது. இரண்டு பக்கமும் சுழல்விசிறிகளின் இரைச்சல், காதில் அடைப்பான், இடுப்புப் பட்டை, வெந்த காற்று. அம்மா புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தாள். மேகத்துக்குள் நுழைந்ததும் தூக்கிப் போட்டது. அம்மா வாந்தி எடுத்தபோது தலையைத் தாங்கிப் பிடித்தது என் மனைவி. பையை வாங்கிக் கட்டி வைத்தது என் மகள். நான் கைக்குட்டையால் என் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டதே என்ற எரிச்சலைத் தவிர அந்த நேரத்தில் எனக்குள் வேறொன்றும் இல்லை. இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

துறையில் எங்களைக் கூட்டிப் போக வந்தவன் தமிழ்ப் பையன். தூத்துக்குடிப் பக்கம். "பார்த்து இறங்குங்கம்மா, என் தோளைப் பிடிச்சுக்கோங்க" என்று அவன் சொன்னதும் அம்மாவுக்கு முகத்தில் உயிர் வந்தது. "எந்த ஊரு தம்பி?" என்று ஆரம்பித்துவிட்டாள். மின்வண்டியில் போகும்போது எங்கள் வில்லா எது என்று சீட்டைப் பார்த்தவன், கொஞ்சம் தயங்கிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பக்கம் இப்பக் காத்து ஜாஸ்தி. அம்மாவுக்குச் சிரமமா இருக்கும். கிழக்குப் பக்கம் பீச் வில்லா காலியாத்தான் இருக்கு. ஆபீஸ்ல நான் கேக்கட்டுமா? இந்தக் காத்துல எங்க ஊர்த் தோணியே மாலேக்கு வராது சார்."

தூத்துக்குடியிலிருந்து காய்கறி, மளிகை, கட்டுமானச் சாமான் ஏற்றிக்கொண்டு தோணிகள் மாலத்தீவுக்குப் போய்வருவது நெடுநாள் தொழில். தென்மேற்குக் காற்று வலுத்துவிட்டால் அவை கரையிலேயே நின்றுவிடும். அந்தத் தொழிலைப் பார்த்து வளர்ந்த பையன் சொல்கிறான். புத்தகத்தில் நான் படித்ததும் அவன் சொன்னதும் ஒன்றேதான் என்று எனக்குத் தெரிகிறது. "வேண்டாம்ப்பா. நாங்க பார்த்துத்தான் புக் பண்ணியிருக்கோம்" என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு அம்மா தூங்கவில்லை. தரைக்கு அடியில் அலை வந்து தூணில் மோதும். கட்டில் வரைக்கும் அதிர்வு தெரியும். "வீடே ஆடுதுப்பா" என்றாள். ஒரே பெரிய அறை. அம்மாவுக்கும் மகளுக்கும் ஓரமாகக் கூடுதல் கட்டில் போட்டிருந்தார்கள். ஏசியை நான் 20-இல் வைத்திருந்தேன். மூட்டுவலிக்காரிக்கு அந்தக் குளிர் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? காதைச் சுற்றித் துண்டைக் கட்டிக்கொண்டு, போர்வைக்குள் முட்டியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். "குறைக்கட்டுமா" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் "வேண்டாம்ப்பா, உனக்குப் புழுங்கும்" என்றுதான் சொல்லியிருப்பாள். அதையும் நான் சாக்காக வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, மழை விட்டு வெயில் அடித்தது. எங்கள் பக்கத்துக் கரையில் மணலே இல்லை. சாக்கு சாக்காக மணல் மூட்டைகளை அடுக்கி அலையைத் தடுத்திருந்தார்கள். காற்று திரும்பினால் அலை ஒரு பக்கத்து மணலை அரித்துக்கொண்டு போய் மறுபக்கம் சேர்க்கும். அடுத்த பருவத்தில் மணலும் திரும்பி வரும். அந்தத் தீவுகளில் வருஷா வருஷம் நடப்பது இது. அம்மாவிடம் இதை நான் பெரிய விஷயம் தெரிந்தவனாக விளக்கினேன். "மண்ணே அந்தப் பக்கம் போயிடுச்சேப்பா, நாம மட்டும் எதுக்கு இங்க இருக்கோம்?" என்று கேட்டாள்.

எங்கள் தளத்தின் ஓரத்தில் சிவப்புக் கொடி கட்டியிருந்தது. இறங்கக் கூடாது என்று அர்த்தம். காலையில் காபி கொண்டு வந்த அந்தப் பையனும் சொல்லிவிட்டுப் போனான். ஆனால் அலை கொஞ்சம் தணிந்த மாதிரி தெரிந்தது, வெளிச்சமும் நன்றாக இருந்தது. "வாம்மா, கடல்ல இறங்கணும்னு சொன்னியே. ஏணியைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு படி இறங்கினாப் போதும், நான் இருக்கேன்" என்றேன். அம்மா வேண்டாம் என்றாள். என் மனைவி வேண்டாம் என்றாள். நான் கையைப் பிடித்து இறக்கினேன். மகளிடம் போனைக் கொடுத்து, "பாட்டி தண்ணியில கால் வைக்கிறப்போ எடு" என்றும் சொல்லியிருந்தேன்.

இரண்டாவது படியில் அம்மாவின் கால் இருக்கும்போது அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை. அவளை ஏணியோடு சேர்த்துத் திருப்பி அடித்தது; வலது முட்டி இரும்புக் கம்பியில் மோதியது. வாய்க்குள் உப்புத் தண்ணீர் போய் மூச்சு முட்டி இருமினாள். நானும் மனைவியுமாகத் தூக்கி மேலே போட்டோம். புடவை முழுக்க நனைந்து, கொண்டை அவிழ்ந்து, மரத்தளத்தில் ஒருக்களித்துக் கிடந்தாள். முட்டி கொஞ்ச நேரத்திலேயே வீங்கிவிட்டது. எலும்புக்கு ஒன்றுமில்லை என்று தீவிலிருந்த மருத்துவர் சொன்னார். நடக்க வேண்டாம், ஐஸ் வையுங்கள் என்றார். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி கேட்டாள். "கொடி கட்டியிருந்தது தெரிஞ்சுதானே இறக்கினீங்க?" அவளுக்குப் பதில் சொல்ல முடியாத கோபம் எனக்கு. அந்தக் கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் நான் அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த நேரத்தில் நடந்ததை மகள் எடுத்த படங்களில்தான் பார்த்தேன். அந்தப் பையன் மின்வண்டியில் அம்மாவைக் கிழக்குக் கரைக்குக் கூட்டிப் போயிருக்கிறான். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தூக்கி வந்து, முட்டிக்குக் கீழே தண்ணீர் நிற்கும் இடத்தில் அதன் கால்களை மணலுக்குள் ஆழமாகப் புதைத்து, ஆட்டிப் பார்த்து, மறுபடி புதைத்திருக்கிறான். அம்மா அதில் உட்கார்ந்திருக்கிறாள். அவன் பின்னால் நின்று நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறான். ஒரு படத்தில் அம்மா கையால் தண்ணீரை மொண்டு தலையில் விட்டுக்கொள்கிறாள். அவள் முகத்தை அப்படி நான் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அதே சாயங்காலம் அறைக்குள் ஏசியில் உட்கார்ந்து நான் புகார் எழுதினேன்.

பணம் திரும்ப வாங்க வேண்டும் என்பது முதல் நோக்கம். இன்னொன்று, யாராவது ஒருவர் தப்புச் செய்ததாக எழுத்தில் இருக்க வேண்டும். அது நானாக இருக்கக் கூடாது. வானிலையைக் காரணம் காட்டினால் ஒரு பைசா கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். மழைக்கு எந்த ஓட்டலும் பொறுப்பேற்காது. ஊழியர் தவறு என்றால் கிடைக்கும். படிவத்தில் "உங்களுக்கு உதவிய ஊழியரின் பெயர்" என்று ஓர் இடம் இருந்தது. அவன் பெயரை எழுதினேன். மேற்குப் பக்கத்தில் காற்று அதிகம் என்பதை எங்களிடம் யாரும் சொல்லவில்லை என்றும், வேறு அறைக்கு மாறும் வசதி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை என்றும், ஏணியில் இறங்குவது ஆபத்து என்று எச்சரிக்காததால் வயதான அம்மாவுக்கு அடிபட்டது என்றும் எழுதினேன். ஒவ்வொரு வரியும் பொய். நிதானமாக, எழுத்துப்பிழை பார்த்து, இரண்டு முறை படித்துத் திருத்தி அனுப்பினேன்.

கிளம்பும் அன்று அவன்தான் பெட்டிகளைத் தூக்கி வந்தான். அவனுக்கு விஷயம் தெரியுமா தெரியாதா என்று அவன் முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை, நான் பார்க்கவே இல்லை. அம்மா அவன் கையில் காசைத் திணித்தாள். வாங்க மாட்டேன் என்றான். "உங்கம்மா குடுத்தா வாங்க மாட்டியா?" என்று அம்மா கேட்டதும் வாங்கிக்கொண்டான். ஊர் திரும்பிய பின் அந்த நிர்வாகத்திடமிருந்து வருத்தம் தெரிவித்துக் கடிதம் வந்தது. கட்டணத்தில் ஒரு பகுதியைக் கழித்துத் திருப்பித் தந்தார்கள். சம்பந்தப்பட்ட ஊழியர் மீது உரிய நடவடிக்கை எடுக்கப்படும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் படித்தேன். பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்த்தேன். கடிதத்தை மூடிவிட்டேன்.

மே மாதத்தில் மாலத்தீவுக்குப் போவதே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம், இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அங்கே மழை நாள் முழுக்கப் பெய்வது அபூர்வம். கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும். போனில் எல்லா நாளுக்கும் இடிமேகப் படம் காட்டுவதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டியதில்லை. பா பவளத்திட்டில் ஹனிஃபாரு என்றொரு குடா இருக்கிறது. 2011-இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதியைச் சேர்ந்தது. தென்மேற்குக் காற்றுக் காலத்து நீரோட்டம் மிதவை உயிரிகளைக் கொண்டு வந்து அங்கே குவிப்பதால்தான் ஜூனிலிருந்து நவம்பர் வரை ஆனைத்திருக்கைகள் கூட்டமாக வருகின்றன. பிப்ரவரியில் போகிறவனுக்கு அது கிடைக்காது. செலவைப் பார்த்து மழைக்காலத்தில் போவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அந்த மாதங்களில்தான் கட்டுப்படியாகும். கிழக்குப் பக்கத்து மணல்கரை அறை, வேகப்படகில் போகிற தூரம், வயதானவர்கள் கூட வந்தால் ஏணியே வேண்டாம் என்று பார்த்து எடுத்தால் நிம்மதியாக இருந்துவிட்டு வரலாம். கூட வருகிறவர்களை உட்கார வைத்து, "இந்த மாசம் காத்து இருக்கும், மழை இருக்கும், இதுக்குத்தான் விலை குறைச்சல், போலாமா?" என்று கேட்டிருந்தால் அம்மா ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பாள். மழை அவளுக்குப் பிடிக்கும். நான் கேட்கவில்லை. என் உடம்புக்கு எத்தனை டிகிரி ஒத்துக்கொள்ளும் என்று அத்தனை தேடினவன், அம்மாவால் எத்தனை படி இறங்க முடியும் என்று ஒரு தடவை யோசிக்கவில்லை.

அந்த முட்டி பழைய நிலைக்கு வரவில்லை. முன்பே தேய்ந்த முட்டி, எப்படியும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்று எலும்பு மருத்துவர் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நாள் ஓட்டினேன். மாடிப்படி ஏறும்போது அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து நின்று ஏறுகிறாள். அதைப் பார்க்கிற நேரங்களில் மருத்துவர் சொன்னது எனக்கு உதவுவதில்லை.

மனைவியிடம் முதலில் சொன்னேன். புகார்க் கடிதத்தையே எடுத்துக் காட்டினேன். முழுவதும் படித்துவிட்டு, "இதை அத்தைகிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து முதலில் காற்று விஷயத்தைச் சொன்னேன்: எனக்கு முன்பே தெரியும், தெரிந்தும் உன்னிடம் பொய் சொன்னேன் என்று. "அது எனக்கு அன்னிக்கே தெரியும்ப்பா" என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல். ஏணி விஷயத்துக்கும் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "என்னைச் சந்தோஷப்படுத்தணும்னுதானே பண்ணினே" என்றாள். "இல்லம்மா, போட்டோவுக்கு" என்றேன். அதற்குப் பேசாமல் இருந்தாள். பிறகு புகாரைச் சொன்னேன். கை நின்றுவிட்டது.

"எந்தத் தம்பி மேல?"

சொன்னேன்.

"நாற்காலி போட்டானே, அவன் மேலயா?"

ஆமாம் என்றேன். அவனுக்குச் சம்பளத்தில் பிடித்தார்களா, வேலை போயிற்றா என்று அடுத்தடுத்துக் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை என்றேன். "தெரிஞ்சுக்கவே இல்லையா நீ?" என்றாள். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. என் நினைவில் அம்மா அப்படி இருந்ததே இல்லை. காலையில் எழுந்து வந்து கேட்டது ஒன்றுதான். "எழுதிட்டியா?"

எழுதிவிட்டேன். அறையை மாற்றிக்கொள்ளச் சொல்லி வந்திறங்கிய நிமிஷமே அவன் சொன்னான், நான்தான் மறுத்தேன். சிவப்புக் கொடி இருந்தது, அவனும் எச்சரித்தான், நான்தான் அம்மாவைக் கட்டாயப்படுத்தி இறக்கினேன். புகாரில் அவனைப் பற்றி இருப்பதெல்லாம் நான் பணத்துக்காக எழுதிய பொய் என்று அந்தத் தங்கும் விடுதியின் நிர்வாகத்துக்கு எழுதினேன். அவன் பெயரில் ஏறியிருக்கும் குற்றத்தை நீக்க வேண்டும், கழித்துத் தந்த தொகையை எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்று சொல்லுங்கள், அவன் இப்போது அங்கே வேலையில் இருக்கிறானா என்றும் தெரிவியுங்கள் என்று கேட்டேன். கடிதம் கிடைத்தது, கவனிக்கிறோம் என்று இரண்டு வரி பதில் வந்தது. அவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மறுபடியும் எழுதியிருக்கிறேன்.